எனக்கே வரைய வராது, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி: செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியில் தலைமையாசிரியரோடு சேர்த்து இரண்டே பேர். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் என்னிடம்; மொத்தம் 27 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ஓவியம். எனக்கு வரைய வராது. முதல் நாள் இரவு யூடியூப் பார்த்துப் பழகி, போர்டில் யானை, மயில் என்று வரைகிறேன். பிள்ளைகள் பார்த்து வரைகிறார்கள். ‘பிடித்ததை வரையுங்கள்’ என்று விட்டால் இருபது பேருக்கு மேல் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, தென்னை மரம், குடிசை. நான்காம் வகுப்பில் ஒரு பையன் பென்சிலையே எடுப்பதில்லை. ‘எனக்கு வராது டீச்சர்’ என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறான். கலர் வாங்கப் பணமும் இல்லை. ‘படம் வரைஞ்சா கணக்கு வந்துடுமா?’ என்று ஒரு அம்மா கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

செஞ்சிக்குப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் ஊர்ப்பக்கத்து மலைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டிக் குவித்த மாதிரி இருக்கும். செஞ்சிக் கோட்டை இருக்கிற ராஜகிரி மலை ஆகட்டும், கிருஷ்ணகிரி மலை ஆகட்டும், ஒன்றாவது முக்கோணமாக இருக்கிறதா? பாறை இடுக்கில் முட்செடி, கீழே பனை மரங்கள். உங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்ப்பது அந்த மலையைத்தான். தாளைக் கொடுத்ததும் வருவது பச்சை அடித்த இரண்டு முக்கோணம்.

அந்த முக்கோண மலை எங்கிருந்து வந்தது? அக்கா நோட்டில் இருந்தது, அங்கன்வாடிச் சுவரில் இருந்தது, கடையில் வாங்கிய வண்ணப் புத்தகத்தில் இருந்தது. ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் போட்டது. அதில் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. மலை, சூரியன், தென்னை போட்டால் யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் போர்டில் வரைகிற யானையும் இதே வேலையைத்தான் செய்கிறது, டீச்சர். பிள்ளை பார்ப்பது யானையை அல்ல, உங்கள் கோடுகளை. இந்தக் கோடு வளைந்து கீழே வருகிறது, நானும் வளைக்கிறேன், அவ்வளவுதான். தன் கோடு உங்கள் கோட்டைப் போல இல்லை என்றால், தனக்கு வரவில்லை என்று முடிவுகட்டிவிடும்.

அதனால் முதல் வேலையாகப் போர்டில் வரைவதை நிறுத்திவிடுங்கள். இரவு யூடியூப் பார்த்துப் பழகுவதையும் விட்டுவிடலாம். தொடக்கப் பள்ளியில் ஓவியம் சொல்லித்தர நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. பார்க்கத் தெரிய வேண்டும், கேள்வி கேட்கத் தெரிய வேண்டும், பிள்ளை வரைந்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம்.

நான் 31 வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஓவியத்துக்கு அரசு நடத்துகிற லோயர், ஹையர் தேர்வெல்லாம் எழுதி, நிழல் ஒளி தப்பாமல் வரையப் பழகி வந்தவன். என்னிடம் ஆறாம் வகுப்பில் வந்து உட்காரும்போதே பிள்ளைகள் இரண்டு கூட்டமாக இருப்பார்கள். வரைய வரும் என்று நம்புகிறவர்கள் நாலைந்து பேர். மீதிப் பேர் வராது என்று முடிவு செய்துவிட்டு வந்தவர்கள். அந்த முடிவை மாற்ற எனக்கு மாதக்கணக்கில் ஆகும். பலரிடம் மாற்றவே முடியவில்லை. அந்த முடிவு எடுக்கப்படுவது உங்கள் வகுப்புகளில், எட்டு வயதிலிருந்து பத்து வயதுக்குள். உங்கள் பள்ளிக்குத் தனியாக ஓவிய ஆசிரியர் வருவார் என்று காத்திருக்கவும் வழியில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஓவியத்துக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று இருப்பதே ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். உங்கள் 27 பேருக்கு இருப்பது நீங்கள் மட்டும்தான்.

இப்போது அந்த வயதுப் பிள்ளைகள் எப்படி வரைவார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் நானே பெரிய தப்பு செய்தேன்.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற ஓவியக் கல்வியாளர், வயதுக்கேற்பக் குழந்தைகளின் படங்கள் எப்படி மாறுகின்றன என்று 1947இல் விரிவாக ஒரு நூல் எழுதினார். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போடும். மரம், வீடு, அம்மா, நாய் எல்லாரும் அந்தக் கோட்டில் வரிசையாக நிற்பார்கள். வானம் மேலே ஒரு நீலப் பட்டை. நடுவில் வெள்ளையாகவே கிடக்கும். வீட்டுச் சுவர் இருக்கும், உள்ளே சாப்பிடுகிறவர்களும் தெரிவார்கள். அப்பா வீட்டைவிட உயரமாக இருப்பார். மாங்காய் பறிக்கிற கை மட்டும் உடம்பைவிட நீளமாக இருக்கும். இதெல்லாம் அந்த வயதுக்கு உரியது. பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை. தனக்குத் தெரிந்ததை, தனக்கு முக்கியமானதை வரைகிறது. ஒன்பது வயதைத் தாண்டும்போதுதான் ‘நிஜத்தில் இப்படி இல்லையே’ என்று அதுவே ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பிக்கும். வெட்கம் வருகிற வயது அது. உங்கள் நான்காம் வகுப்புப் பையன் அந்த வாசலில்தான் நிற்கிறான்.

என் தப்பைச் சொல்கிறேன். நான் பணிக்குச் சேர்ந்து மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு விழாவுக்குப் படம் வரையவைக்கப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஊர் ஏரியை வரைந்திருந்தாள். நடுவில் ஏரி, ஒரு கோணல் வட்டம். சுற்றிலும் மரங்கள். மேலே இருக்கும் மரம் நேராக நிற்கிறது. வலப்பக்கத்து மரம் வலப்பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது, இடப்பக்கத்து மரம் இடப்பக்கமாக. கீழ்க்கரை மரங்கள் தலைகீழ். நான் குனிந்து, ‘மரமெல்லாம் ஏன்மா விழுந்து கிடக்கு?’ என்று கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை. அவள் பென்சிலை வாங்கி, பக்கத்திலேயே ஒரு ஏரியை நீள்வட்டமாகப் போட்டு, மரங்களை நிமிர்த்தி நிற்கவைத்து, ‘இப்படி’ என்று காட்டிவிட்டு நகர்ந்தேன்.

அந்தக் குழந்தை என்ன செய்திருந்தாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அவள் தாளைத் திருப்பித் திருப்பி வைத்து வரைந்திருக்கிறாள். ஒரு கரையில் நின்று மரத்தை நட்டாள், அடுத்த கரைக்கு நடந்துபோய் அங்கே நின்று அடுத்த மரத்தை நட்டாள். தாளின் மேலேயே ஏரியைச் சுற்றி வந்திருக்கிறாள். நான் திருத்திய பிறகு மதியம் வரை அவள் ஒவ்வொரு கோட்டுக்கும் எழுந்து வந்து, ‘இது சரியா சார்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே பிள்ளையின் தாளில் உங்கள் கை படவே வேண்டாம். ‘கை ஏன் இவ்வளவு நீளம்’, ‘மாடு ஊதாவா இருக்கும்?’ இந்தக் கேள்விகள் வேண்டாம். அதே சமயம் எல்லாவற்றுக்கும் ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டுப் போவதும் வேண்டாம். நீங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். படத்தில் இருப்பதைப் பார்த்து ஒன்று சொல்லுங்கள். ‘ஆட்டுக்கு மணி கட்டியிருக்கே, யார் கட்டினது?’ ‘இந்தப் பக்கம் கோடெல்லாம் அழுத்தி இருக்கு, அந்தப் பக்கம் மெல்லிசா இருக்கு.’ இது போதும். பிள்ளை தானே பேச ஆரம்பிக்கும்.

ஸ்டார், முத்திரை, முதல் பரிசு, இரண்டாம் பரிசு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் நடந்த ஒரு ஆய்வு 1973இல் வெளிவந்தது. வரைவதில் தாமாகவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரிடம், ‘வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தும் விட்டார்கள். ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் சும்மா வண்ணப் பேனாக்களை வைத்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைந்தார்கள். பரிசே வாங்காத குழந்தைகளும், சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களும் முன்பு போலவே வரைந்துகொண்டிருந்தார்கள். நான் கண்ணால் பார்த்ததும் இதுதான். உங்கள் வகுப்பில் போட்டி வேண்டாம். வட்டார அளவில் போட்டி வந்து அனுப்பியே ஆக வேண்டும் என்றால், போக ஆசைப்படுகிறவர்களை அனுப்புங்கள்.

சரி, போர்டில் வரையாமல் நாற்பது நிமிடம் என்ன செய்வது?

ஒரு வகுப்பை அப்படியே சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள், எங்கள் வளாகத்திலேயே இருந்த தொடக்கப் பள்ளிக்கு வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தேன். அன்று ஆடு வரைவதாகத் திட்டம். நான் தாளே கொடுக்கவில்லை. ‘ஆடு வச்சிருக்கிறவங்க யாரு?’ என்று கேட்டேன். பாதிக் கைகள் உயர்ந்தன. ‘ஆடு படுக்கும்போது எந்தக் காலை முதல்ல மடக்கும்?’ ஒரே சத்தம். முன்னங்கால், பின்னங்கால் என்று இரண்டு கட்சி. ஒரு பையன் எழுந்து வந்து தரையில் மண்டிபோட்டே காட்டினான்: முன்னங்கால்தான் முதலில், பிறகுதான் பின்பக்கம் இறங்கும். ‘வெள்ளாட்டு வாலுக்கும் செம்மறி வாலுக்கும் என்ன வித்தியாசம்?’ வெள்ளாட்டு வால் மேலே தூக்கி நிற்கும், செம்மறி வால் தொங்கும். ‘ஆட்டுக் கண்ணுக்குள்ள கறுப்பு எப்படி இருக்கும்?’ இதற்குச் சத்தம் அடங்கிவிட்டது. எல்லாரும் வட்டம் என்றார்கள். கடைசி வரிசையில் ஒருவன் மட்டும், தலையைத் தூக்காமலேயே, ‘இல்ல சார், குறுக்கால கோடு மாதிரி இருக்கும்’ என்றான்.

அவன்தான் அதுவரை என் வகுப்பில் ஒரு கோடுகூடப் போடாதவன். உங்கள் பையனைப் போலவேதான். சனி, ஞாயிறு ஆடு மேய்க்கப் போகிறவன். நான் அவனைப் பாராட்டவில்லை, எழுந்து நிற்கவும் சொல்லவில்லை. ‘அப்படியா, எனக்கு ஞாபகம் இல்லையே. எவ்வளவு பெருசு இருக்கும் அந்தக் கோடு?’ என்று கேட்டேன். விரல் இரண்டை நெருக்கிக் காட்டினான். ‘வெயில்ல சின்னதாயிடும், சாயங்காலம் பெருசாயிடும்’ என்றான். அப்புறம் எல்லாருக்கும் தாளும் கரித்துண்டும் கொடுத்தேன். அவனுக்கும் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். மணி அடிக்கும் நேரத்தில் பார்த்தால், முழுத்தாளுக்கும் ஒரே ஒரு கண். நடுவில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, அழுத்தி அழுத்தித் தாளே தேய்ந்துவிட்டிருந்தது. சுற்றிலும் மயிர். மீதி ஆடு இல்லை. ‘மீதியை எப்போ போடுவ?’ என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கவில்லை.

அடுத்த வாரமே அவன் பாய்ந்து வந்து வரைந்தான் என்று சொன்னால் பொய். அடுத்த வாரமும் தயங்கினான். ஆனால் ‘எனக்கு வராது’ என்று சொல்லவில்லை. ‘என்ன சார் வரையணும்?’ என்று கேட்டான். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

பாதி நேரம் பேச்சு, மீதி நேரம் வரைவது. இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வகுப்புக்கும் ஒரே பொருள் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆட்டைத் தரைக்கோட்டில் நிறுத்தும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கால் மூட்டைப் பார்த்துப் போட முயலும். தனித்தனியாகத் திட்டம் வேண்டாம். பொருள் மட்டும் பிள்ளைகள் தொட்டது, தூக்கியது, பயந்தது, செய்ததாக இருக்கட்டும். பம்புசெட்டில் குளிப்பது, கரும்பு வண்டி, பாட்டியின் கை, மழைக்கு ஒழுகுகிற இடத்தில் வைத்த குண்டான். ‘இயற்கைக் காட்சி’ என்ற தலைப்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மலையும் சூரியனும் திரும்பி வந்துவிடும்.

கருவிகளுக்கு வருவோம். முதலில் ரப்பரையெல்லாம் வாங்கி டப்பாவில் போட்டுவிடுங்கள், அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும். கையில் ரப்பர் இருந்தால் அரை மணி நேரம் ஒரே கோட்டை அழித்து அழித்துப் போடுவார்கள். ஊசியாகச் சீவிய பென்சிலும் வேண்டாம். தாளின் மூலையில் எறும்பு அளவுக்கு வரையவைப்பது அதுதான். அடுப்புக்கரி, சாக்பீஸ், செங்கல் துண்டு, மெழுகுக் கிரேயான் கிடைத்தால் அது. தாளுக்குப் பணம் செலவு செய்யாதீர்கள். செஞ்சியிலோ திண்டிவனத்திலோ ஒரு அச்சகத்தில் கேட்டால் வெட்டிப்போட்ட தாள்களை எடைக்குத் தருவார்கள், சிலர் பள்ளிக்கென்றால் சும்மாவே கொடுப்பார்கள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், ஒட்டாமல் மிஞ்சிய போஸ்டரின் பின்பக்கம், மாதக் காலண்டர் தாள் எல்லாம் ஆகும். தாளே இல்லாத வாரம் பள்ளித் திண்ணை இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது. பெரிதாக வரையப் பழகுவதற்குச் சிமெண்டுத் தரையைப் போல எதுவும் இல்லை.

வண்ணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளைக் கரையுங்கள். பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். இன்னொரு கிண்ணத்தில் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை நீங்கள் மட்டும் கையாளுங்கள். பிள்ளைகளின் கண்ணுக்குள் தெறித்துவிடக் கூடாது. மஞ்சளில் அந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஆரத்திச் சிவப்பு வரும். வீட்டில் ஆரத்தி எடுப்பதைப் பார்த்திருந்தாலும், கண்ணெதிரே மஞ்சள் சிவப்பாக மாறும்போது வாயைத் திறந்தபடி நிற்பார்கள். அதில் எலுமிச்சையைப் பிழியுங்கள், மறுபடி மஞ்சள். அப்புறம் சங்குப்பூ. வேலியோரம் இருந்தால் பத்துப் பூவைப் பறித்துச் சுடுதண்ணீரில் போட்டு வையுங்கள், நல்ல நீலம் இறங்கும். இதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா, இன்னும் விட்டால் ரோஜா நிறம். ஒரே பூவில் மூன்று வண்ணம். இந்த வண்ணங்கள் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஒரு படத்தை ஜன்னலிலும் இன்னொன்றை நோட்டுக்குள்ளும் வைத்து ஒரு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளுக்காத வண்ணம் மண். ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டுவரச் சொல்லுங்கள்: வயல் மண், கரை மண், கிணறு வெட்டிய மண், புற்று மண். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக இருக்கும். தண்ணீரில் கலக்கி, கல்லும் மணலும் அடியில் தங்க ஒரு நிமிடம் விட்டு, மேலே கலங்கலாக நிற்கிற நீரை மட்டும் வேறு டப்பாவில் ஊற்றுங்கள். மறுநாள் அதன் அடியில் வெண்ணெய் மாதிரி வண்டல் படிந்திருக்கும். அதுதான் வண்ணம். தாளில் ஒட்ட, கருவேலம் பிசினை இரவே ஊறவைத்துக் கொஞ்சம் கலக்குங்கள். பிசின் இல்லையென்றால் சோற்றுக் கஞ்சி. ஆனால் இரண்டு நாளில் புளித்து வாடை வந்துவிடும், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். தூரிகைக்கு ஈர்க்குச்சி நுனியில் பஞ்சு சுற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் விரல்.

இப்படி மண்ணைக் குழைத்து வரைந்தவர்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார்கள். கீழ்வாலையிலும் செத்தவரையிலும் பாறையில் காவி நிறத்தில் வரைந்த பழைய ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. பனமலைக் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்துப் பார்வதி ஓவியம் இருக்கிறது. கல்விச் சுற்றுலா என்று எங்கெங்கோ போகிறோமே, ஒரு வருடம் இங்கே கூட்டிப்போகப் பாருங்கள். மண்வண்ணத்தில் கை நனைத்த பிள்ளைகள் அந்தப் பாறையின் முன்னால் நின்று கேட்கிற கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வண்ணமும் கலக்கி, வரைந்து, கழுவி முடிப்பது நடக்காது. ஒரு வாரம் பார்த்து வரைவது, மறுவாரம் அதற்கு வண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தலைமையாசிரியரிடம் பேசி அதைக் காலைக்கு மாற்றப் பாருங்கள். பள்ளிப் பாடங்களுக்காக 2005இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்றே சொன்னது. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? ‘வரும்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். கோலத்தைக் காட்டியே சொல்லலாம். நேர்ப்புள்ளி 7, ஒன்று வரை: 7, இரண்டு பக்கமும் ஐந்தைந்து, மும்மூன்று, ஒவ்வொன்று. மொத்தம் 25 புள்ளி. ஒன்பதில் தொடங்கினால் எத்தனை என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டால் தரையில் வைத்துப் பார்த்து 41 என்று சொல்லிவிடுவார்கள். கணக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்காகத்தான் வரைகிறோம் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், டீச்சர். அப்படிச் சொன்னால் கணக்கு வராத பிள்ளையிடமிருந்து முதலில் பிடுங்கப்படுவது இந்தப் பாடவேளையாகத்தான் இருக்கும். எழுதிச் சொல்ல வராத பிள்ளைக்குத் தான் பார்த்ததைச் சொல்ல இந்த ஒரு வழிதான் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு வாயால் பதில் சொல்வதைவிட ஒன்று செய்யுங்கள். ஜூனிலிருந்து ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி போட்டு, பிள்ளை அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிற ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வையுங்கள். மூன்றாம் வகுப்புக்கு நீங்கள் எழுதுங்கள், மற்றவர்கள் தாங்களே எழுதட்டும். முன்பக்கத்தில் டிக் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். வகுப்பில் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு ஒரு சணல் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் 27 படங்களையும் மாட்டுங்கள். நல்ல படம் என்று ஐந்தைப் பொறுக்கி மாட்டினால் மீதி 22 பேருக்கு அன்றே பதில் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஜனவரியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது, ஒவ்வொரு அம்மா கையிலும் அவர் பிள்ளையின் கட்டைக் கொடுங்கள். ஜூன் படத்தையும் ஜனவரிப் படத்தையும் அவரே பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அந்தக் கூட்டத்திலேயே, ஊரில் நன்றாகச் சிக்குக்கோலம் போடுகிற பாட்டி யார் என்று விசாரித்து ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் கூப்பிடுங்கள். பையன்களும் சேர்ந்து உட்காரட்டும்.

இந்த வெள்ளிக்கிழமைக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வருகிற வழியில் ஆளுக்கு ஒரு கல் எடுத்துவரச் சொல்லுங்கள், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் தடவிப் பார்க்கட்டும். எங்கே சொரசொரப்பு, எங்கே வழவழப்பு, எங்கே விரல் மாட்டுகிறது. பிறகு எல்லாக் கல்லையும் ஒரு குவியலாகப் போட்டு, கண்ணை மூடியபடியே தன் கல்லைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிடுவார்கள். அப்புறம் அதைத் தாள் முழுக்க வருகிற மாதிரி பெரிதாகக் கரியில் வரையட்டும். அடுத்த வாரம் அந்தக் கற்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வரையச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் வெளியே கூட்டிப்போய் மலைக்கு எதிரில் உட்காரவையுங்கள்.

அந்தப் பையனிடம் ஒன்றும் கேட்காதீர்கள். கல்லையும் தாளையும் அவன் முன்னால் வைத்துவிட்டு, நீங்களும் ஒரு கல்லோடு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வரையுங்கள். கோணலாக வரும், வரட்டும். அவன் எட்டிப் பார்ப்பான். பார்த்தால் தாளை மறைக்காதீர்கள். முடித்த பிறகு அதையும் கயிற்றில் மாட்டுங்கள், பின்னால் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதி.